பிள்ளை சொல்லி முடிக்கட்டும்: வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு மடல்



உங்கள் வீட்டில் மூன்று வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது. போன மாதம் வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. இப்போது "அ-அ-அ-அம்மா" என்று முதல் எழுத்திலேயே நிற்கிறது. சில சமயம் ஓர் எழுத்தைப் பிடித்துக்கொண்டு நீட்டிக்கொண்டே போகிறது. சில சமயம் வாய் திறந்திருக்கிறது, சத்தம் மட்டும் வருவதில்லை. கண்ணை இறுக மூடி, காலைத் தரையில் தட்டிய பிறகுதான் சொல் வெளியே வருகிறது. பெற்றவர்கள் பயந்துபோய் இருக்கிறார்கள். நீங்களும்தான்.

இந்த மடல் உங்களுக்கென்றே எழுதப்படுகிறது. பெற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு பல வீடுகளில் பிள்ளையோடு இருப்பவர்கள் நீங்கள். பிள்ளை திக்கினால் முதலில் காதில் வாங்குவதும் முதலில் யோசனை சொல்வதும் நீங்கள்தான். ஆனால் டாக்டரானாலும் சரி, பேச்சுப் பயிற்சியாளரானாலும் சரி, சொல்ல வேண்டியதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பெண் வீட்டுக்கு வந்து மாமனார், மாமியாரிடம் "பிள்ளைகிட்ட அப்படிச் சொல்லாதீங்க" என்று சொல்ல முடியாமல் தவிப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றரை வயதுப் பையன் தெருவில் பார்த்ததைச் சொல்ல ஓடி வருகிறான். "தாத்தா, ஜே-ஜே-ஜே..." தாத்தா அன்பாகச் சொல்கிறார்: "மெதுவா சொல்லுப்பா." சித்தி சொல்கிறாள்: "மூச்சை நல்லா இழுத்து விட்டுட்டுச் சொல்லு கண்ணு." பையன் மறுபடி தொடங்குகிறான். "ஜே-ஜே..." மாமாவுக்கு மனசு பொறுக்கவில்லை. "ஜே.சி.பி. பார்த்தியா?" என்று முடித்துவிடுகிறார். பையன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறான். சாப்பாடு தொடர்கிறது.

அவன் சொல்ல வந்தது வேறு. ஜே.சி.பி. சேற்றில் மாட்டிக்கொண்டது, அதை இழுக்க இன்னொரு ஜே.சி.பி. வந்தது. மூன்றரை வயதுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி! அந்தக் கூடத்தில் இருந்த யாருக்கும் அது போய்ச் சேரவில்லை. தலையாட்டினால் தப்பித்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் அவன் கற்றுக்கொண்டான்.

அந்த மூன்று பேரில் ஒருவர் மீதும் குறை சொல்ல முடியாது. மூவரும் உதவத்தான் நினைத்தார்கள். ஆனால் பிள்ளையின் காதில் விழுவது வேறு மாதிரி. "மெதுவா" என்றால் நான் பேசுவது தப்பு என்று விழுகிறது. "மூச்சு விட்டுப் பேசு" என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் மூச்சை இழுத்துப் பிடிப்பதே தனிப் பழக்கமாக ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் உண்டு. மூன்று வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது என்று எண்ண வேண்டாம். தன் பேச்சு எங்கோ சிக்குகிறது என்பதைப் பல பிள்ளைகள் மூன்று வயதிலேயே உணர்ந்துவிடுகின்றன. ஐந்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த அறிவுரைகள் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பதற்கு வேதனையான சாட்சி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. 1939ஆம் ஆண்டு, அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகர். அங்கிருந்த அநாதை இல்லத்தில் 22 பிள்ளைகளை வைத்து மேரி டியூடர் என்ற மாணவி ஓர் ஆய்வு செய்தார். வழிநடத்தியவர் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் வெண்டல் ஜான்சன். அவருக்கே சிறு வயது முதல் திக்கல் உண்டு. அந்த 22 பேரில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, உங்கள் பேச்சில் கோளாறு இருக்கிறது, திக்கல் தொடங்குகிறது, அதை உடனே நிறுத்துங்கள், சரியாகப் பேச வராவிட்டால் பேசவே வேண்டாம் என்ற தொனியில் மாதக்கணக்கில் சொல்லி வந்தார்கள். இல்லத்து ஊழியர்களும் அதையே சொல்லும்படி ஏற்பாடு செய்யப்பட்டது.

என்ன ஆயிற்று? அந்த ஆறு பேரில் யாரும் திக்குபவராக மாறிவிடவில்லை. பின்னாளில் அந்தப் பதிவுகளை எடுத்து மறுபடி அலசிய இல்லினாய் பல்கலைக்கழக அறிஞர்கள் இதை உறுதி செய்தார்கள். ஆனால் பிள்ளைகள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். கேட்டால் மட்டும் பதில், அதுவும் ஒற்றைச் சொல்லில். சிலர் வாயைக் கையால் மூடிக்கொள்ளத் தொடங்கினார்கள். அந்த ஆய்வு முறையாக வெளியிடப்படவே இல்லை. 2001இல் ஒரு நாளிதழ் விவரமாக எழுதிய பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அயோவா அரசு, பாதிக்கப்பட்டவர்களுக்கும் இறந்துபோனவர்களின் வாரிசுகளுக்கும் 9,25,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. எழுபது வயதைத் தாண்டியவர்கள் அநாதை இல்லத்தில் நடந்ததைச் சொல்லி அழுதார்கள்.

அந்த இல்லத்தில் சொல்லப்பட்ட அதே மாதிரி வாக்கியங்களை நம் வீடுகளில் பாசத்தோடு சொல்கிறோம். "யோசிச்சுப் பேசு." "திருப்பிச் சரியாச் சொல்லு." "அவசரப்படாதே." சொல்பவரின் மனசு வேறு. கேட்கிற பிள்ளைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஜான்சனின் கதை அத்தோடு முடியவில்லை. திக்கல் பிள்ளையின் வாயில் தொடங்குவதில்லை, அதைத் திக்கல் என்று பெயரிடும் பெற்றோரின் காதில்தான் தொடங்குகிறது என்று அவர் ஒரு கொள்கை வகுத்தார். பல பத்தாண்டுகள் அது உலகம் முழுக்கச் செல்வாக்கோடு இருந்தது. விளைவு இரண்டு. ஒன்று, பழி முழுதும் அம்மாமீது விழுந்தது. இரண்டு, "கண்டுகொள்ளாதீர்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள்" என்பதே டாக்டர்கள் சொல்லும் ஒரே வைத்தியமானது. நம் ஊரில் இன்றும் "விடும்மா, தானாப் போயிடும், கண்டுக்காதே" என்று சொல்லி அனுப்புகிறார்களே, அந்த அறிவுரைக்குப் பின்னால் ஜான்சனின் நிழல் உண்டு.

கொள்கை தவறு. திக்கல் மூளையிலும் மரபணுவிலும் வேர் கொண்டது என்பது இன்று தெளிவு. பாகிஸ்தானில் தலைமுறை தலைமுறையாகத் திக்கல் தொடர்ந்த ஒரு பெரிய குடும்பத்தில் தொடங்கி, ஆய்வாளர் டென்னிஸ் டிரேனாவின் குழு 2010இல் மூன்று மரபணுக்களைக் கண்டுபிடித்துச் சொன்னது. எல்லாத் திக்கலுக்கும் அந்த மூன்றே காரணமில்லை. ஆனால் இது குடும்பத்தில் இறங்கிவரும் விஷயம் என்பதற்கு அது அழுத்தமான சான்று. திக்கும் சிறு பிள்ளைகளின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, பேச்சைத் திட்டமிடும் பகுதியையும் வாயை அசைக்கும் பகுதியையும் இணைக்கும் நரம்பு இழைகளில் சிறு வேறுபாடுகள் தெரிந்தன.

ஆகவே, மருமகள் வேலைக்குப் போனதால் வந்தது, செல்போன் கொடுத்ததால் வந்தது, அன்றைக்கு நாய் குரைத்ததில் பயந்துவிட்டான், கண்பட்டுவிட்டது என்ற பேச்சையெல்லாம் இன்றோடு விட்டுவிடுங்கள். நிறையப் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு நாளிலேயே திடீரென்று திக்கல் தொடங்கிவிடும். அதனால்தான் முந்தின நாள் என்ன நடந்தது என்று குடும்பமே தேடிப் பிடிக்கிறது. எந்த வீட்டில் தேடினாலும் முந்தின நாள் ஏதாவது ஒன்று நடந்திருக்கத்தான் செய்யும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1,619 பிள்ளைகளைச் சிறு வயதிலிருந்து பின்தொடர்ந்து பார்த்தார்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்குத்தான் திக்கல் வரும் என்பதற்கு அங்கே எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. நான்கு வயதில் திக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் மொழித்திறன் சோதனையில் மற்றவர்களைவிடச் சற்று மேலாகவே இருந்தார்கள். உங்கள் பேரனுக்கு மந்தம் என்று பக்கத்து வீட்டில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் மாமா ஒருவருக்குத் தனியாக நான்கு வரி எழுதியாக வேண்டும். சில குடும்பங்களில் திக்கிப் பேசும் மாமாவோ சித்தப்பாவோ ஒருவர் இருப்பார். பிள்ளை திக்கத் தொடங்கியதும், அவரைப் பார்த்துத்தான் பழகிக்கொண்டது என்று முடிவு கட்டி, அவரிடம் போகாதே என்று பிள்ளையை இழுத்துப் பிடிப்பார்கள். அவரும் புரிந்துகொண்டு வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொள்வார். ஐயா, திக்கல் பார்த்துத் தொற்றுவது இல்லை. நீங்களும் பிள்ளையும் ஒரே ரத்தம், அவ்வளவுதான். திக்கிக்கொண்டே ஒரு கதையைச் சொல்லி முடித்து, சிரித்துவிட்டுப் போகிற பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பது அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த வரம். கேரளத்தின் முதல் முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் வாழ்நாள் முழுவதும் திக்கிப் பேசியவர். அந்தப் பேச்சோடுதான் மேடை ஏறினார், 1957இல் ஆட்சிப் பொறுப்பையும் ஏற்றார். நீங்கள் வழக்கம்போல வந்து போங்கள்.

வைத்தியம் என்று வீட்டில் நடப்பவற்றையும் பேசிவிடுவோம். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினால் பேச்சு தெளியும் என்பது நம் பாட்டிகளின் நம்பிக்கை. பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர். வசம்பு திக்கலைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. அதில் இருக்கும் அசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதைக் கண்டு, அமெரிக்கா 1968இல் உணவில் வசம்பு சேர்ப்பதையே தடை செய்தது. மூன்று வயதுப் பிள்ளையின் நாக்கில் தினம் தடவ வேண்டாம். வாயில் கூழாங்கல் போட்டுப் பேசப் பழக்குவதும் வேண்டாம், தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. இந்த யோசனை பழையது. 1841இல் பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் டிஃபென்பாக், திக்கலைக் குணப்படுத்த நாக்கின் வேர்ப்பகுதியிலிருந்து ஆப்பு வடிவில் சதையை வெட்டியெடுத்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம் அது. மற்ற நாட்டு மருத்துவர்களும் அதைச் செய்து பார்த்து, சீக்கிரமே கைவிட்டார்கள். கோளாறு நாக்கில் இல்லாதபோது நாக்கை வெட்டி என்ன பயன்?

சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்காவில் ஓசை கொடுத்த நாயகி சன்னதிக்குப் பேச்சு வராத பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள். தாராளமாகப் போய் வாருங்கள். கோயிலுக்குப் போனதால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதுதான் கூடாது. அதேபோல, "குமரகுருபரர் அஞ்சு வயசு வரைக்கும் பேசவே இல்லை, திருச்செந்தூர்ல பேசினார், இவனும் பேசுவான்" என்று ஆறுதல் சொல்லும் தாத்தாக்கள் இருக்கிறார்கள். உங்கள் பேரனுக்குப் பேச்சு வராமல் இல்லை. வந்த பேச்சு சிக்குகிறது. ஐந்து வயது வரை பார்க்கலாம் என்று விட்டுவிட இதில் இடமில்லை.

ஏன் இடமில்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தானாகச் சரியாகிவிடும் என்பதில் பெரும்பகுதி உண்மை. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் எஹுத் யாய்ரி, நிக்கோலின் ஆம்ப்ரோஸ் இருவரும் திக்கத் தொடங்கிய 84 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். நான்கு ஆண்டுகளில் 74 சதவீதம் பேருக்குத் திக்கல் போய்விட்டது. மனசுக்கு நிம்மதி தரும் எண்ணிக்கை. ஆனால் நான்கு ஆண்டு என்பதையும் கவனியுங்கள். விக்டோரியா ஆய்வில், தொடங்கிய 12 மாதத்துக்குள் மீண்டவர்கள் 6.3 சதவீதம் பேர்தான். ஒரு மாதத்தில் போய்விடும் என்று காத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை ஏமாறும். திக்கல் நீடிக்கப்போகும் அந்த நான்கில் ஒரு பங்குப் பிள்ளைகள் யார் என்று ஆரம்பத்தில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. சில அறிகுறிகள் மட்டும் தெரியும். ஆண் பிள்ளைகளிடம் நீடிக்கும் வாய்ப்பு அதிகம், பெரியவர்களில் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய நான்கு ஆண்கள் என்ற கணக்கில் திக்கல் இருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது திக்கல் விடாமல் தொடர்ந்திருந்தால் வாய்ப்பு கூடும். மூன்றரை வயதுக்குப் பிறகு தொடங்கியிருந்தாலும், ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகியும் குறையாமல் இருந்தாலும் கவனம் தேவை.

இன்னொரு குழப்பமும் உண்டு. திக்கல் அலை அலையாக வரும். இரண்டு வாரம் சுத்தமாக இருக்காது. வசம்பு வேலை செய்துவிட்டது என்று பாட்டி மகிழ்வார். மூன்றாம் வாரம் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். பாட்டுப் பாடும்போதும், மற்றவர்களோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும் திக்கல் பெரும்பாலும் இருக்காது. நிலாப் பாட்டை முழுதாகப் பாடிய பிள்ளை அடுத்த நிமிஷமே தண்ணீர் கேட்கத் திணறும். இதைப் பார்த்து, வேண்டுமென்றே செய்கிறான், கொழுப்பு என்று கோபப்படாதீர்கள். திக்கலின் இயல்பே அது.

எல்லாத் தடுமாற்றமும் திக்கல் ஆகிவிடாது. "எனக்கு, எனக்கு, எனக்கு அந்தப் பொம்மை வேணும்" என்று முழுச் சொல்லைத் திருப்பிச் சொல்வது, நடுவில் "அது வந்து..." என்று தேடுவது, இவை மொழி வேகமாக வளரும் வயதில் எந்தப் பிள்ளையிடமும் இருக்கும். எழுத்து உடைவது, நீள்வது, சத்தமே வராமல் அடைப்பது, முகத்தில் முயற்சி தெரிவது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை.

சரி, வீட்டில் என்ன செய்வது? பிள்ளையை மாற்ற வேண்டாம், உங்கள் வேகத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளை பேசி முடித்ததும் ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணிவிட்டுப் பதில் சொல்லுங்கள். நீங்கள் நிதானமாகப் பேசினால் அவசரமில்லை என்று அதற்கே தெரிந்துவிடும், வாயால் சொல்ல வேண்டியதில்லை. கேள்விகளைக் குறையுங்கள். "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன பண்ணே, யார் கூட விளையாடினே, என்ன சாப்பிட்டே" என்று அடுக்காமல், "இன்னைக்குக் கோலம் போட்டோம், மழை வந்து அழிச்சிடுச்சு" என்று நீங்கள் ஒன்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். பிள்ளைக்குத் தோன்றினால் பேசும். கூட்டுக் குடும்பத்துச் சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கு ஆள் குறுக்கே பேசுவது நம் வழக்கம், அது ஒரு சந்தோஷமும்கூட. பிள்ளை வாய் திறக்கும்போது மட்டும் ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்கட்டும். திக்கும்போது கண்ணை விலக்கிக்கொள்ளாதீர்கள், முகத்தில் பதற்றம் காட்டாதீர்கள். ஜே.சி.பி.க்கு என்ன ஆயிற்று என்ற ஆர்வம் மட்டும் உங்கள் முகத்தில் இருந்தால் போதும்.

லண்டனில் மைக்கேல் பாலின் மையம் என்று ஒரு திக்கல் சிகிச்சை நிலையம் 1993 முதல் இருக்கிறது. நடிகர் மைக்கேல் பாலினின் தந்தைக்குத் திக்கல் இருந்தது, மையம் நடிகரின் பெயரைத் தாங்கியது அப்படித்தான். சிறு பிள்ளைகளுக்கு அங்கே முதலில் சொல்லித்தரும் ஏற்பாடு எளிமையானது. வாரத்தில் சில நாள், ஒரு பெரியவர், ஒரு பிள்ளை, ஐந்தே நிமிஷம். டிவி கிடையாது, போன் கிடையாது. என்ன விளையாட்டு என்பதைப் பிள்ளை முடிவு செய்யும். பெரியவர் அதன் பின்னால் போவார். உங்கள் வீட்டில் தாத்தாவே இதை எடுத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்றவருக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

பிள்ளை தானாகவே "எனக்கு ஏன் வர மாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டால், ஒன்றுமில்லை என்று பேச்சை மாற்றாதீர்கள். "சில நேரம் சொல் மாட்டிக்குது இல்ல? பரவாயில்லை, நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்று சொல்லுங்கள். கீழே விழுந்து முழங்காலில் அடிபட்ட பிள்ளையிடம் அடிபடவே இல்லை என்று யாரும் சாதிப்பதில்லையே. வீட்டில் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம் பிள்ளைக்கு அவமானமாகத்தான் தோன்றும்.

சொல்லிவிட்டால் கூடிவிடும் என்ற ஜான்சனின் பயத்தை உடைத்ததில் சிட்னிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்நகரின் லிட்கோம்ப் புறநகரில் மார்க் ஆன்ஸ்லோ முதலான ஆய்வாளர்கள் 1980களில் ஒரு பயிற்சியை உருவாக்கினார்கள். பயிற்சியாளரின் மேற்பார்வையில் பெற்றவரே தினமும் 10, 15 நிமிஷம் பிள்ளையோடு பேசுவார். திக்காமல் வரும் பேச்சைப் பாராட்டுவார். எப்போதாவது மட்டும், மென்மையாக, அது கொஞ்சம் சிக்கிக்கொண்டது என்று சொல்வார். நியூசிலாந்தில் 54 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய பரிசோதனை 2005இல் வெளியானது. பயிற்சி பெற்ற பிள்ளைகளின் திக்கல், பெறாதவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. பிறகு நெதர்லாந்தில் 199 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு லிட்கோம்ப் பயிற்சி. மறுபாதிக்கு, பேச்சைத் தொடாமல் சுற்றியிருக்கும் நெருக்கடியைக் குறைக்கும் முறை. 2015இல் வந்த முடிவின்படி, 18 மாதத்தில் முதல் குழுவில் 76.5 சதவீதமும் இரண்டாவதில் 71.4 சதவீதமும் திக்கலிலிருந்து மீண்டிருந்தார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. தானாக மீளக்கூடியவர்களும் இந்தக் கணக்கில் உண்டு என்பதை மறக்க வேண்டாம். இருந்தாலும், முறையறிந்து பேச்சைத் தொடுவது பிள்ளையைக் கெடுக்காது என்பது உறுதியாயிற்று. முறை தெரியாமல் வீட்டில் நாமே லிட்கோம்ப் செய்து பார்ப்பது மறுபடி "திருப்பிச் சொல்லு" என்பதில்தான் போய் முடியும். அதற்குப் பயிற்சியாளர் வேண்டும்.

பள்ளியில் "வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழியால் குழம்புகிறான்" என்று சொன்னால் தலையாட்ட வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் திக்கல் வருகிறது என்று நிறுவப்படவில்லை. பாட்டியோடு பேசும் தமிழைப் பிடுங்கிக்கொண்டால் பிள்ளை நிம்மதியாகப் பேசும் இடத்தையே பிடுங்கியதாகும். இடது கைப் பிள்ளையை வலது கையால் சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதுதான் காரணம் என்றும் ஒரு காலத்தில் நம்பினார்கள். அதற்கும் ஆதாரம் நிற்கவில்லை. கட்டாயப்படுத்துவது தேவையில்லை, அது வேறு விஷயம்.

கேலியைப் பற்றி ஒன்று. நம் சினிமா பல காலமாகத் திக்கிப் பேசுபவரைச் சிரிப்புக்குப் பயன்படுத்தியிருக்கிறது. அந்தக் காட்சி டிவியில் ஓடும்போது வீட்டில் எல்லோரும் சிரித்தால், மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கவனிக்கும். அண்ணன் அக்காமார் திக்கிக் காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடன் ஏழாம் வகுப்பில் படித்தபோது, ஆசிரியையான கன்னியாஸ்திரி ஒருவர் அவருடைய பெயரையே திக்கிக் காட்டிக் கேலி செய்தார். அதை அவர் முதிய வயதிலும் பலமுறை சொல்லியிருக்கிறார். உலகின் மிகப் பெரிய பதவிகூட அந்த ஒரு நிமிஷத்தை அழிக்கவில்லை.

இனி, எங்கே போவது என்ற கேள்வி. திக்கல் தொடங்கி ஆறு மாதம் ஆகிவிட்டாலோ, பிள்ளை முகம் சுளித்துத் திணறினாலோ, பேசவே தயங்கினாலோ, குடும்பத்தில் திக்கல் இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். பேச்சு மற்றும் கேட்டல் பயிற்சியாளரைப் பாருங்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் குணம், மாத்திரையில் குணம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் போகாதீர்கள். திக்கலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. தேசிய சிறார் நலத் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது. அதன்கீழ் அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு வரும்போது பேச்சுப் பிரச்சினையைச் சொன்னால், மாவட்ட அளவில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அரசு மருத்துவமனையில் அந்த மையத்தின் சுருக்கப் பெயரான டிஇஐசி என்று கேட்டால் வழி காட்டுவார்கள், கட்டணம் இல்லை. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமான நிப்மெட் இருக்கிறது, மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இருக்கிறது.

போகும்போது ஒன்றை மறக்காதீர்கள். புது இடத்தில், புது மனிதர் முன்னால் பிள்ளை திக்காமலேயே பேசிவிட்டு வந்துவிடும், ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் திக்கல் அதிகமாக இருக்கும் நாளில், வழக்கமான விளையாட்டின் நடுவே, பிள்ளைக்குத் தெரியாமல் இரண்டு நிமிஷம் செல்போனில் பதிவு செய்து கொண்டுபோங்கள். அம்மாவை மட்டும் தனியாக அனுப்பாமல், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தாவோ பாட்டியோ கூடவே போங்கள். பயிற்சியாளர் சொல்வதை நீங்களே நேரில் கேட்டுவிட்டால், வீட்டில் அந்தப் பெண் யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.